சாய்வு மிதிவண்டியும் சங்கு ஊதும் நேரமும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

மனிதன் தான் உழைக்கும் நேரத்திற்குக் கூலி பெறுகிறான். ஆனால் உழைக்கும் இடத்திற்குச் சென்று சேரும் நேரத்திற்கும், அங்கிருந்து வீடு திரும்பும் நேரத்திற்கும் அவனுக்குக் கூலி இல்லை. அந்நேரம் யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. அவனுடைய உறக்கத்திலிருந்தும், பிள்ளைகளோடு அவன் இருக்க வேண்டிய பொழுதிலிருந்தும் அது கழிக்கப்படுகிறது. தோல் தொழில் நடைபெறும் நம் பகுதியில் இவ்வுண்மையை அறியாத வீடு இல்லை எனலாம்.

என் தந்தையார் ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகள் வேலை செய்தவர். எங்கள் சிற்றூரிலிருந்து தொழிற்சாலை 20 கிலோமீட்டர். முதல் ஷிப்டுக்கு ஏற்ற பேருந்து அந்நாளில் இல்லை. ஆகவே சைக்கிள்தான். போக 20, வர 20. மாதம் 25 நாள் என்று கொண்டால் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர். இருபது ஆண்டுக்கு 2,40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஆக, ஊரை விட்டு எங்கும் போகாத என் தந்தையார், பூமியை ஆறு முறை சுற்றி வரும் தொலைவை மிதித்திருக்கிறார்!

காலையில் சங்கு ஊதியபின் பத்து நிமிடம் தாமதித்தால் கேட் மூடப்படும். அரை நாள் சம்பளம் போய்விடும். வழியில் பஞ்சர் ஆனாலும், எதிர்க்காற்று அடித்தாலும் இதே தண்டனைதான். எனவே "பத்து நிமிடம்" என்பது எங்கள் வீட்டில் சிறிய சொல்லன்று. அந்தப் பத்து நிமிடத்தை இயற்பியலால் மிச்சப்படுத்த முடியுமா என்ற கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. அக்கேள்வி என்னைச் 'சாய்வு மிதிவண்டி' என்னும் ஒரு விந்தையான வண்டியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன் வரலாற்றையும் அறிவியலையும் கூறி, அது நம் சாலைக்கு ஒத்துவருமா என்பதை ஆராய்வதே இங்கு நோக்கமாகும்.

தோல் தொழிலும் தொலைவும்

பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டி இராணிப்பேட்டை, மேல்விசாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீண்டு கிடப்பதே நம் தோல் தொழில் வட்டாரம். 2019 ஆம் ஆண்டு நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் இவ்வூர்கள் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் அமைந்துள்ளன. ஆற்று நீரும், ஆவாரம் பட்டையும், கடுக்காயும் எளிதில் கிடைத்தமையால் தொடக்கத்தில் இத்தொழில் இங்கு வேரூன்றிற்று. 1970களில் முழுமையாகப் பதனிடப்படாத தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியபின், தோலை அப்படியே அனுப்புவது குறைந்து, காலணி தைக்கும் தொழில் வளர்ந்தது. ஷூ கம்பெனிகள் பெருகின. தையல் பிரிவில் பெண்கள் பெருந்திரளாக வேலைக்கு வந்தனர்.

தொழிற்சாலைகள் ஊர்களை ஒட்டி நிற்கின்றன. தொழிலாளரோ சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வருகின்றனர். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி ஏறத்தாழ 17 கிலோமீட்டர். பேரணாம்பட்டு 20 கிலோமீட்டர் அளவு. வேலூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இவற்றுக்கு இடையிலும் இருபுறத்திலும் உள்ள கிராமங்களிலிருந்து நாள்தோறும் 10, 15, 20 கிலோமீட்டர் கடந்து வருவோர் பலர்.

இன்று நிலைமை சற்று மாறியுள்ளது. பெரிய நிறுவனங்கள் பலவும் தம் பேருந்துகளையும் வேன்களையும் கிராமங்களுக்கு அனுப்புகின்றன. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்துள்ளது. இளைஞர் பலர் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டனர். ஆயினும் மிதிவண்டி மறைந்துவிடவில்லை. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற வேலைகளைச் செய்வோரில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் மிதிவண்டியிலேயே வேலைக்குச் சென்றார். பெட்ரோலுக்குக் காசில்லாத மாதக் கடைசியில், மூலையில் சாத்திவைத்த சைக்கிள் மீண்டும் வெளியே வருவதை நாமும் கண்டிருக்கிறோம்.

மிதிவண்டி கடந்து வந்த பாதை

1817 ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சார்ந்த கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்களை ஒரு மரச் சட்டத்தில் இணைத்து, காலால் தரையை உந்திச் செல்லும் வண்டியை உருவாக்கினார். அதில் பெடலும் இல்லை, செயினும் இல்லை. 1885 இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி அமைத்த 'ரோவர்' வண்டியே இன்றைய சைக்கிளின் மூதாதை. சம அளவுச் சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சுழற்றும் செயின், நடுவே இருக்கை என்னும் அமைப்பு அதில்தான் நிலைபெற்றது. 1888 இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அத்துடன் மிதிவண்டியின் உருவம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இங்கே நம் வட்டாரத்தார் நினைவிற்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அந்நாளில் மிதிவண்டியின் இருக்கை தோலால் ஆனதாக இருந்தது. பர்மிங்ஹாமில் தோல் பொருள் தொழில் நடத்திய ஜான் போல்ட்பீ புரூக்ஸ் 1882 இல் சைக்கிள் இருக்கைக்குக் காப்புரிமை பெற்றார். விறைப்பான தோலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கீழே சுருள்வில் வைத்த அந்த இருக்கையே பல்லாண்டு உலகெங்கும் பரவியது. மாட்டுத் தோலைப் பதனிடும் தொழிலாளி, மாட்டுத் தோல் இருக்கையில் அமர்ந்தே வேலைக்குச் சென்ற காலம் அது.

தமிழ்நாட்டில் சைக்கிள் தொழிற்சாலைக்கு அடித்தளம் 1949 இல் இடப்பட்டது. அவ்வாண்டு முருகப்பா குழுமத்தார் ஆங்கிலேய நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டிகள் நம் தாத்தா காலத்துத் திண்ணைகளை அலங்கரித்தவை. பின்னர் 2001-02 இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06 முதல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிந்தது. இக்கட்டுரையைப் படிக்கும் நண்பர்களில் பலர் அச்சைக்கிளில்தான் பள்ளிக்குச் சென்றிருப்பீர்கள்.

சாய்வு மிதிவண்டி என்பது யாது?

சாய்வு நாற்காலியில் அமர்ந்து காலை முன்னே நீட்டிக்கொண்டு மிதிப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுவே சாய்வு மிதிவண்டி. சாதாரண மிதிவண்டியில் பெடல் நம் உடலுக்குக் கீழே இருக்கிறது. இதில் முன்னே இருக்கிறது. சாதாரண வண்டியில் இருக்கை குறுகிய பட்டை; இதில் இடுப்பையும் முதுகையும் தாங்கும் முழு இருக்கை. கைகள் உடல் எடையைச் சுமப்பதில்லை. திசை திருப்புவதற்கு மட்டுமே பயன்படுகின்றன. பெடலுக்கும் பின்சக்கரத்திற்கும் தொலைவு அதிகமாதலால் செயின் இரண்டு மூன்று மடங்கு நீளமாக இருக்கும்.

இவ்வமைப்பு நமக்கு முற்றிலும் புதியதன்று. கால் இயலாதோர் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியை நம் தெருக்களில் பார்த்திருக்கிறோம். முதுகைத் தாங்கும் இருக்கை, முன்னே அமைந்த மிதிப்பு அல்லது சுழற்சி, நீண்ட செயின் ஆகிய யாவும் அதிலும் உண்டு. கைக்குப் பதில் கால் என்று மாற்றிக்கொண்டால் சாய்வு வண்டியின் கருத்து எளிதில் விளங்கும்.

ஒரு சாதனையும் ஒரு தடையும்

இவ்வளவு வசதியான வண்டி ஏன் உலகில் பரவவில்லை? இதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

பிரான்சு நாட்டில் சார்லஸ் மோஷே என்பவர் பெடலால் ஓடும் சிறிய நான்கு சக்கர வண்டிகளைச் செய்து விற்றுவந்தார். அவற்றுக்கு 'வெலோகார்' என்று பெயர். அவ்வண்டியை நெடுக்காக இரண்டாகப் பிளந்ததுபோல் இரண்டு சக்கரச் சாய்வு வண்டி ஒன்றையும் அமைத்தார். அதில் ஏறியவர் பிரான்சிஸ் ஃபோர். இவர் முதல் வரிசைப் பந்தய வீரர் அல்லர்.

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தொலைவு ஓட்ட முடியும் என்பது மிதிவண்டி உலகின் பெருமைக்குரிய போட்டி. 1914 இல் ஆஸ்கர் எக் என்னும் சுவிஸ் வீரர் 44.247 கிலோமீட்டர் ஓட்டி வைத்த சாதனை பத்தொன்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1933 ஜூலை 7 அன்று பாரிஸ் நகரில் பிரான்சிஸ் ஃபோர் சாய்வு வண்டியில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி அதை முறியடித்தார். அடுத்த மாதமே மொரீஸ் ரிஷார் என்பவர் வழக்கமான மிதிவண்டியில் 44.777 கிலோமீட்டர் ஓட்டினார். எது சாதனை என்ற விவாதம் எழுந்தது.

பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் 1934 இல் முடிவெடுத்தது. பந்தய மிதிவண்டி எப்படி இருக்க வேண்டும் என்று புது விதி வகுத்து, சாய்வு வண்டியைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. குறைந்த தொலைவு ஓட்டிய ரிஷாரின் சாதனையே ஏற்கப்பட்டது. மோஷேவும் அதே ஆண்டில் மறைந்தார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டுவது ஒன்று. அவ்விதி பந்தய மைதானத்திற்கு மட்டும் உரியது. வேலைக்குச் செல்லும் தொழிலாளி சாய்ந்து மிதிக்கக் கூடாதென்று எவரும் தடுக்கவில்லை. ஆனால் பந்தயத்தில் இல்லாத வண்டியைத் தொழிற்சாலைகள் செய்யவில்லை. செய்யாத வண்டியைக் கடைகள் விற்கவில்லை. விற்காத வண்டியை மக்கள் அறியவில்லை. வீரர்களுக்காக எழுதிய ஒரு விதி, தொழிலாளியின் கைக்கு ஒரு கருவி எட்டாமல் செய்துவிட்டது.

1970களில் அமெரிக்காவில் அறிவியலாளர் சிலர் இவ்வண்டியை மீண்டும் கையிலெடுத்தனர். விதி ஏதுமின்றி மனித ஆற்றலால் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் தனிப் போட்டிகள் தோன்றின. 1986 இல் ஃபிரெட் மார்க்கம், காற்று வழுக்கிச் செல்லும் உறையிட்ட சாய்வு வண்டியில் மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். 2016 இல் கனடா நாட்டின் டாட் ரைகர்ட் சமதரையில் மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தார். எஞ்சின் இல்லை, இரண்டு கால்கள் மட்டுமே! நெதர்லாந்து போன்ற சமவெளி நாடுகளில் உறையிட்ட சாய்வு வண்டிகளில் நெடுந்தொலைவு வேலைக்குச் சென்று வருவோரும் உள்ளனர்.

காற்றின் கணக்கு

இனி நாம் வகுப்பில் படித்த இயற்பியலுக்கு வருவோம்.

சமதரையில் மிதிவண்டியை எதிர்ப்பவை முதன்மையாக இரண்டு. ஒன்று, சக்கரம் உருள்வதால் எழும் உருளும் உராய்வு. மற்றொன்று காற்றுத் தடை. முன்னது வேகத்தால் பெரிதும் மாறுவதில்லை. எடையையும் டயரையும் சாலையையும் பொறுத்தது. பின்னது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது. எனவே காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓட்டுபவர் 60 கிலோ, வண்டி 20 கிலோ, டிபன் கேரியரும் பையும் 5 கிலோ. மொத்தம் 85 கிலோ. நம் ஊர்ச் சாலைக்கும் சாதாரண டயருக்கும் உருளும் உராய்வுக் குணகம் 0.008 என்று கொள்வோம். உராய்வு விசை 85 × 9.8 × 0.008 = 6.7 நியூட்டன்.

காற்றுத் தடை, காற்றின் அடர்த்தியில் பாதி × பயன்படு பரப்பு × வேகத்தின் இருமடி. பயன்படு பரப்பு என்பது உடலின் முகப்புப் பரப்பையும் வடிவக் குணகத்தையும் பெருக்கி வருவது. நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவருக்கு அது சுமார் 0.6 சதுர மீட்டர். உறையில்லாத சாய்வு வண்டியில் ஏறத்தாழ அதில் பாதி, 0.3 எனலாம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.15 கிலோ. வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 5 மீட்டர்.

நிமிர்ந்த வண்டியில் காற்றுத் தடை 8.6 நியூட்டன், மொத்த எதிர்ப்பு 15.3 நியூட்டன், தேவைப்படும் திறன் சுமார் 77 வாட். சாய்வு வண்டியில் காற்றுத் தடை 4.3 நியூட்டன்; மொத்தம் 11 நியூட்டன்; திறன் 55 வாட். அதே வேகத்தில் செல்ல நான்கில் ஒரு பங்குக்கு மேல் உழைப்பு குறைகிறது.

அதே 77 வாட் உழைப்பைச் சாய்வு வண்டியில் செலுத்தினால் வேகம் மணிக்கு சுமார் 21.5 கிலோமீட்டராக உயரும். 20 கிலோமீட்டரைக் கடக்க நிமிர்ந்த வண்டிக்கு 67 நிமிடம். சாய்வு வண்டிக்கு 56 நிமிடம். மிச்சம் 11 நிமிடம்! கேட் மூடும் பத்து நிமிடத்தைவிட ஒரு நிமிடம் கூடுதல். போகவும் வரவும் 22 நிமிடம். மாதம் 25 நாளுக்கு 550 நிமிடம், அதாவது ஒன்பது மணி நேரத்திற்கும் மேல். ஒரு முழு ஷிப்டின் நேரம் மாதந்தோறும் தொழிலாளிக்குத் திரும்பக் கிடைக்கிறது.

எதிர்க்காற்றில் இவ்வேறுபாடு இன்னும் பெருகும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஆடிக்காற்று முகத்தில் அடிப்பதாகக் கொள்வோம். அதே 77 வாட்டில் நிமிர்ந்த வண்டி மணிக்கு 13 கிலோமீட்டர்தான் செல்லும். 20 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம். சாய்வு வண்டி 17 கிலோமீட்டர் செல்லும். ஒரு மணி 11 நிமிடம். மிச்சம் இருபது நிமிடம். ஆடி மாதத்தில் என் தந்தையார் ஏன் அரை மணி முன்னதாகவே கிளம்பினார் என்பது இக்கணக்கைப் போட்டபின்தான் எனக்கு விளங்கிற்று. அவர் சூத்திரம் அறியார், விடையை அறிந்திருந்தார்.

நம் நிலத்தின் அமைப்பும் இங்குச் சாதகமே. வேலூரைவிட ஆம்பூர் சுமார் 100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆனால் அவ்வுயர்வு 50 கிலோமீட்டரில் பரவியிருப்பதால் சரிவு ஆயிரத்துக்கு இரண்டு அளவே. பாலாற்றுப் பள்ளத்தாக்கு ஏறத்தாழச் சமதரை என்றே கொள்ளலாம்.

உடலின் கணக்கு

நிமிடங்களை மட்டும் எண்ணினால் போதாது. உடலையும் எண்ண வேண்டும். நிமிர்ந்த மிதிவண்டியில் உடலின் எடையில் பெரும்பகுதி கையகலமுள்ள இருக்கையின்மீது விழுகிறது. மீதி மணிக்கட்டுகளில் இறங்குகிறது. ஒரு மணி நேரம் ஓட்டியபின் உள்ளங்கை மரத்துப்போவதும், இடுப்பு வலிப்பதும் இதனாலேயே. அந்தக் கையோடும் இடுப்போடும் ஈரத் தோலைத் தொட்டியிலிருந்து தூக்க வேண்டும். டிரம்மில் போட வேண்டும். நாள் முழுதும் நின்று வேலை செய்ய வேண்டும். மாலையில் மீண்டும் அதே இருக்கை.

சாய்வு வண்டியில் எடை முதுகு, இடுப்பு, தொடை என்று பரவுகிறது. கழுத்தை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியதில்லை. கைக்குச் சுமை இல்லை. விழுந்தாலும் தலைகுப்புற விழுவது அரிது. தரை அருகிலேயே இருக்கிறது.

நம் சாலைக்கு ஒத்துவருமா?

இதுவரை கூறியவற்றால் சாய்வு வண்டியே சிறந்தது என்று முடிவுகட்டிவிடலாகாது. எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பாதுகாப்பு. சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளும் பேருந்துகளும் இரவு பகலாக ஓடுகின்றன. தாழ்ந்த வண்டியில் செல்பவர் லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவது கடினம். விடியற்காலை இருட்டிலும் பனியிலும் அது உயிருக்கே ஆபத்து. உயரமான கொடியும், பின்விளக்கும், ஒளி எதிரொளிக்கும் பட்டையும் கட்டாயம். இருக்கையை மிகத் தாழ்த்தாமல் சாதாரண நாற்காலி உயரத்தில் அமைப்பதே நமக்கு ஏற்றது. நெடுஞ்சாலையின் நடுப்பாதையை விட்டு, சர்வீஸ் ரோட்டிலேயே செல்ல வேண்டும்.

இரண்டாவது, ஏற்றம். பேரணாம்பட்டுக்கு அப்பால் ஆந்திர எல்லை மலைப்பாதையிலோ, ஏலகிரி அடிவாரத்திலோ இக்கணக்கு தலைகீழாகும். நூற்றுக்கு மூன்று என்ற ஏற்றத்தில் புவியீர்ப்பு மட்டும் 25 நியூட்டன் விசையோடு பின்னிழுக்கும். 77 வாட்டில் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு வந்துவிடும். காற்றுத் தடை 2 நியூட்டன்கூட இராது. இல்லாத தடையைக் குறைத்துப் பயன் என்ன? சாதாரண வண்டியில் எழுந்து நின்று முழு எடையையும் பெடலில் செலுத்தலாம். சாய்வு வண்டியில் அது இயலாது.

மூன்றாவது, நெரிசல். மெதுவாகச் செல்லும்போது சாய்வு வண்டியில் சமநிலை காப்பது கடினம். ஆம்பூர்க் கடைவீதியில் ஆட்டோவுக்கும் தள்ளுவண்டிக்கும் இடையே நின்று நின்று செல்வதற்கு நிமிர்ந்த சைக்கிளே மேல்.

நான்காவது, பெண்கள். ஷூ கம்பெனிகளில் வேலை செய்வோரில் பெண்களே மிகுதி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழி பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றனர். குறுக்குக் கம்பி இல்லாத வண்டி சேலையோடும் ஓட்ட வசதியானது. காலை முன்னே நீட்டி மிதிக்கும் சாய்வு வண்டியோ சேலைக்கு ஏற்றதன்று. உழைப்போரில் பெரும்பகுதிக்கு உதவாத வண்டியை இவ்வட்டாரத்தின் தீர்வு என்று கூற முடியாது.

ஐந்தாவது, விலை. வெளிநாட்டில் செய்த சாய்வு வண்டியின் விலை நம் தொழிலாளியின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும். பழுது பார்ப்பவரும் அருகில் இல்லை. செயின் அறுந்தால் வழியோரச் சைக்கிள் கடைக்காரர் என்ன செய்வார்?

செய்து பார்க்கக் கூடியவை

எனினும் இத்தடைகளில் விலை வெல்லக்கூடியதே. பழைய சைக்கிள்கள் இரண்டு, சிறுவர் வண்டியின் முன்சக்கரம் ஒன்று, செயின்கள் மூன்று, வெல்டிங் பட்டறையில் இரண்டு நாள் வேலை, நைலான் பட்டை பின்னிய சாய்விருக்கை ஆகியவற்றைக் கொண்டு ஒரு வண்டியை ஆக்கிவிடலாம். வழக்கமான உதிரிப் பாகங்களாலேயே செய்தால் எந்தக் கடையிலும் பழுது பார்க்கலாம். முதலில் மைதானத்தில் ஓட்டி, பிரேக்கையும் திருப்பத்தையும் நன்கு சோதித்தபின்னரே சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்கும் முன்னே, காசு செலவின்றி ஒரு சோதனை செய்யலாம். போக்குவரத்து இல்லாத ஒரு சரிவில், குறித்த இடத்திலிருந்து மிதிக்காமல் சைக்கிளை உருளவிடுங்கள். முதலில் நிமிர்ந்து அமர்ந்து; பிறகு ஹேண்டில்பாரை ஒட்டிக் குனிந்து. ஒவ்வொரு முறையும் வண்டி எங்கே நிற்கிறது என்பதைச் சுண்ணாம்பால் குறித்து அளவு நாடாவால் அளந்து கொள்ளுங்கள். பத்து முறை செய்து சராசரி காணுங்கள். இரண்டு தொலைவுகளுக்கும் உள்ள வேறுபாடே காற்று எழுதிக்காட்டும் பாடம். டயரில் காற்றைக் குறைத்தும் நிறைத்தும் மீண்டும் செய்தால் உருளும் உராய்வும் கைக்குள் அடங்கும்.

இப்போதே தொழிலாளிக்குப் பயன்படும் செய்தியும் இதில் உண்டு. காற்றிறங்கிய டயரை நன்றாக நிரப்பி உராய்வுக் குணகத்தை 0.008 இலிருந்து 0.006 ஆகக் குறைத்தால், அதே உழைப்பில் 20 கிலோமீட்டருக்கு மூன்று நிமிடத்திற்கு மேல் மிச்சமாகும். இருக்கையை, பெடல் கீழே வரும்போது கால் ஏறத்தாழ நீளும் அளவுக்கு உயர்த்தினால் முழங்கால் வலி குறையும். செயினுக்கு எண்ணெய் இடுவதும், காற்றில் படபடக்கும் சட்டையைப் பொத்தானிட்டு அடக்குவதும் சிறியனவே. ஆயினும் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் என்னும்போது சிறியன என்று எவையும் இல்லை.

வழியும் வேலையே

அறிவியல் ஒருபுறம் இருக்க, சட்டமும் இவ்வழியைக் கவனித்திருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில், அதாவது நாம் ஈ.எஸ்.ஐ. என்று வழங்கும் சட்டத்தில், 2010 ஆம் ஆண்டு ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதோ திரும்பும்போதோ தொழிலாளி விபத்துக்குள்ளானால், அப்பயணத்திற்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பது நிறுவப்படுமாயின், அது வேலையின்போது நேர்ந்த விபத்தாகவே கருதப்படும் என்பது அதன் சாரம். 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இக்கருத்து இடம்பெற்றது. இதை அறியாத தொழிலாளர் குடும்பங்கள் இன்னும் பல. நம் வீடுகளில் இதை எடுத்துக் கூறுவது படித்த பிள்ளைகளின் கடமையாகும்.

விபத்து நேர்ந்தால் வழியும் வேலை என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. விபத்து நேராத நாளில் மட்டும் அது யாருக்கும் சொந்தமில்லாத நேரமாகிவிடுவது ஏன்? இக்கேள்விக்கு இயற்பியலில் விடை இல்லை. ஆனால் அந்த நேரம் எவ்வளவு, அதில் எவ்வளவு மிச்சப்படுத்தலாம் என்பதை அளந்து சொல்ல இயற்பியலால் முடியும்.

முடிவுரை

சாய்வு மிதிவண்டி நம் வட்டாரத்திற்கு அருமருந்து அன்று. ஏற்றத்திலும் நெரிசலிலும் அது தோற்கும். பெண் தொழிலாளருக்கு இன்றைய வடிவில் அது உதவாது. லாரிகள் விரையும் சாலையில் தனிப்பாதை இல்லாதவரை அதில் அச்சம் உண்டு. ஆயினும் சமதரையில், சர்வீஸ் ரோட்டில், 15, 20 கிலோமீட்டர் தனியாக மிதித்துச் செல்பவருக்கு அது நேரத்தையும் முதுகையும் மிச்சப்படுத்தும் கருவி என்பதில் ஐயமில்லை.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்றையும் அதன் வரலாறு கற்பிக்கிறது. ஒரு வண்டி நல்லதா என்பதைப் பந்தயச் சங்கம் 1934 இல் பந்தயத்திற்காகத் தீர்மானித்தது. வேலைக்குப் போகிறவரை யாரும் கேட்கவில்லை. இனியேனும் கேட்க வேண்டும். நம் கல்லூரியின் இயற்பியல் மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, பேராசிரியர்களின் வழிகாட்டுதலில் ஒரு வண்டியைச் செய்து, மைதானத்தில் ஓட்டி, கிடைக்கும் அளவுகளை அடுத்த ஆண்டு மலரில் வெளியிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவ்வண்டியில் முதலில் ஏறி ஓட்டிப் பார்க்க, இருபது ஆண்டு மிதித்த அனுபவமுள்ள ஒருவரை நான் அழைத்து வருகிறேன். இக்கட்டுரையை அவரிடம் படித்துக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றே: "கேரியர் வைக்க அதில் இடம் உண்டா, தம்பி?" வரைபடத்தில் அதற்கும் இடம் விட்டிருக்கிறேன்.